ரெண்டாம் நம்பர் கணக்கு

கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள் இரண்டு நோட்டு வைத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒன்று, ஆபீசர் வந்தால் எடுத்து நீட்டுவதற்கு. இன்னொன்று, கடை சாத்திய பிறகு கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்து முதலாளி பெருமூச்சு விடுவதற்கு. எனக்கு மறைக்கிற அளவுக்கு வருமானம் கிடையாது. ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மாதச் சம்பளம். வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கண்ணில் காட்டுகிறார்கள். ஆனாலும் பதினைந்து வருஷமாக நானும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். பணத்துக்கு அல்ல, வேலைக்கு.

ஒண்ணாம் நம்பர் கணக்கு ஆபீசுடையது. எங்கள் டீமில் 11 பேர். இந்த 11 பேரும் என்ன செய்கிறோம், என்ன செய்யப்போகிறோம், ஏன் இன்னும் செய்யவில்லை என்பதையெல்லாம் ஒரு மென்பொருளில் போட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட். பஸ் டிக்கெட் வாங்கினால் தாம்பரமாவது போய்ச் சேரலாம். இந்த டிக்கெட் 'செய்ய வேண்டியது' என்ற பத்தியில் பிறந்து, 'நடப்பில்' என்ற பத்தியில் பல காலம் சம்சாரம் நடத்தி, 'சோதனை'யைத் தாண்டி, 'முடிந்தது' என்னும் மோட்சத்தை அடைய வேண்டும். தினமும் காலை 10 மணிக்கு எல்லோரும் இந்தப் பத்திகள் தெரிகிற பலகையின் முன் நின்று, அவரவர் டிக்கெட் எந்தப் பத்தியில் ஏன் கிடக்கிறது என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர். நான் படித்த பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாதவனைத்தான் நிற்க வைத்தார்கள்.

டிக்கெட்டை அட்டையாக்கி நகர்த்தும் இந்த வழக்கம் ஜப்பானிலிருந்து வந்தது. கான்பன் என்பார்கள். டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் கொண்டுவந்த முறை. எந்தப் பாகம் எப்போது எவ்வளவு வேண்டும் என்று ஓர் அட்டை சொல்லும், அதற்குமேல் ஒன்றும் செய்யக்கூடாது. அங்கே அட்டை நகர நகர, கடைசியில் ஒரு கார் வெளியே வந்துவிடும். அதை யாரும் மறுக்க முடியாது. எங்கள் பலகையில் அட்டை நகர்ந்தால் கடைசியில் இன்னொரு அட்டை வரும்.

ஒரு பட்டனின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சையாக மாற்ற எனக்கு 4 நிமிஷம் போதும். அதற்கு டிக்கெட் எழுத 20 நிமிஷம் ஆகும். தலைப்பு, விவரம், வகை, முன்னுரிமை, யாருக்கு, யார் கேட்டது, எந்த ஸ்பிரிண்ட், எந்த எபிக் என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். ஸ்பிரிண்ட் என்றால் சில வாரத்துக்கு ஒரு தவணை வேலை. எபிக் என்றால் இதிகாசம். லாகின் பக்கத்தைச் செப்பனிடுவது எங்கள் ஆபீசில் ஓர் இதிகாசம். வால்மீகி காதில் விழாமல் இருக்க வேண்டும்.

இந்த வகை மென்பொருள்களில் பேர் பெற்றது ஜிரா. 2002-ல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் கம்பெனி வெளியிட்டது. காட்ஜில்லாவுக்கு ஜப்பானிய மொழியில் கோஜிரா என்று பெயர். அதன் தலையைக் கிள்ளிவிட்டு ஜிரா என்று வைத்தார்கள். கடலிலிருந்து எழுந்து வந்து ஊரை மிதிக்கிற ராட்சதப் பிராணியின் பெயரைத் தாங்களாகவே ஒப்புக்கொண்டு வைத்த நேர்மையை மெச்சத்தான் வேண்டும். எங்கள் ஆபீசில் இருப்பது அதுவல்ல, வேறொன்று. பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

ரெண்டாம் நம்பர் கணக்கு என் கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் இருக்கிறது. 'வேலை' என்று பெயர். வெறும் எழுத்துக் கோப்பு. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, கட்டம், வண்ணம் எதுவும் கிடையாது. நோட்பேடில் திறந்தாலும் திறக்கும். ஆபீசர் கண்ணில் படாத கணக்கு என்பதால் இதில் நான் உண்மை பேசுகிறேன். ஒண்ணாம் நம்பரில், 'பிற குழுவின் பதிலுக்காகக் காத்திருப்பு' என்று இருக்கும். ரெண்டாம் நம்பரில் அதே தேதியில், 'அந்த டீமுக்கு இன்னும் மெயிலே போடல, இன்னிக்காவது போடணும்' என்று இருக்கும். ஒண்ணாம் நம்பரில், 'தரவுத்தள இணைப்பு: ஆழமான ஆய்வு நடைபெறுகிறது.' ரெண்டாம் நம்பரில், 'இது ஏன் ஓடுதுன்னும் தெரியல, ஏன் நிக்குதுன்னும் தெரியல. புதுசா வந்த பையன்கிட்ட கேக்கலாம். கேக்க வெக்கமா இருக்கு.'

ஆபீஸ் வேலையோடு வீட்டு வேலையும் இதற்குள்தான். அம்மாவின் முழங்கால் தைலம், கேஸ் அடுப்பு பர்னர், பையனின் கணக்கு டியூஷன் பாக்கி, எல்லாம் தரவுத்தள இணைப்புக்கு அடுத்தடுத்த வரிகளில் சமத்துவமாக வாழ்கின்றன.

இந்த நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் டூடூ-டெக்ஸ்ட் என்ற முறையைப் பிடித்தேன். ஜினா ட்ரபானி என்ற அமெரிக்கப் பெண்மணி 2006-ல் தொடங்கி வைத்தது. வரிக்கு ஒரு வேலை. அவசரமானால் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து. முடிந்துவிட்டால் வரியின் தலையில் ஒரு சின்ன எக்ஸ். அவ்வளவுதான் சட்டம். ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். அதுதான் அதிலிருந்த குறை. கற்றுக்கொண்டாகிவிட்டது என்றால் அடுத்து வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறதே!

ஆகையால் ஆர்க்-மோடுக்குப் போனேன். இதை உருவாக்கியவர் கார்ஸ்டென் டொமினிக். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து வானியலாளர்; கிரகங்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்கிறவர். தன் குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள 2003-ல் எழுத ஆரம்பித்தாராம். அவர் கிரகத்தை ஆராய்ந்தார். எனக்குக் கிரகம் சரியில்லை. ஆர்க்-மோடு எமாக்ஸ் என்ற எடிட்டருக்குள் குடியிருக்கிறது. எமாக்ஸ் 1976-ல் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் கையில் பிறந்தது. என்னைவிட மூத்தது, என்னைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அதன் விசைச் சேர்க்கைகளைத் தட்டுவதற்கு விரல்கள் வீணை வித்வானுடையவையாக இருக்க வேண்டும். மூன்று வாரம் அதைச் சீராக்கினேன். தலைப்புகளுக்கு ஒரு வண்ணம், தள்ளிப்போன வேலைகளுக்கு ஒரு வண்ணம், ரொம்பத் தள்ளிப்போனவற்றுக்குக் கத்தரிப்பூ வண்ணம். வீட்டைப் பெருக்கச் சொன்னால் துடைப்பத்துக்கு மூன்று வாரம் குஞ்சலம் கட்டியவன் கதைதான். கடைசியில் வரியும் எக்ஸுமாகப் பழைய கோப்புக்கே திரும்பினேன், எமாக்ஸ் மட்டும் கூடவே தங்கிவிட்டது.

எமாக்ஸுக்குள் டெட்ரிஸ் விளையாட்டு உண்டு. ஒரு மனநல டாக்டரும் உண்டு. ஜோசப் வைசன்பாம் 1966-ல் எழுதிய எலிசா என்ற நிரலின் வாரிசு. நாம் எதைச் சொன்னாலும் அதையே திருப்பிக் கேள்வியாக்கிக் கேட்கும். ஒரு நாள் நள்ளிரவு அதனிடம், பாத்ரூம் குழாய் சொட்டுவதால் வீட்டில் நிம்மதி இல்லை என்று ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து பின்னால் நின்றாள்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க இந்நேரத்துல?"

"டாக்டர்கிட்ட."

"என்ன சொல்றார்?"

"குழாய் ஏன் சொட்டுதுன்னு நீங்க நினைக்கிறீங்கன்னு கேக்கறார்."

"இதைத்தான் நான் ஆறு மாசமா கேக்கறேன். எனக்கு ஃபீஸ் கொடுத்தீங்களா?"

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாஷர் தேய்ந்திருந்தது. நான் அதை அலட்சியப்படுத்தவே இல்லை. சொட்ட ஆரம்பித்த அன்றே கோப்பில் எழுதினேன். எழுதியதும் மனத்துக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அன்று ராத்திரி அருமையான தூக்கம். சொட்டுச் சத்தத்தில் தூக்கம் வராமல் இருந்தது மனைவிக்குத்தான், அவள்தான் எழுதவில்லையே.

இந்தக் குளிர்ச்சிக்கு விஞ்ஞானம் இருக்கிறது. பெர்லினில் ஆராய்ச்சி செய்த புளூமா ஜைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் வெளியிட்ட கட்டுரையில், முடிந்த வேலையைவிட முடியாமல் பாதியில் நின்ற வேலைதான் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொன்னார். ஹோட்டல் சர்வர்கள் பில் கட்டாத ஆர்டரை மறக்காமல் வைத்திருப்பதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். பெர்லின்வரை போயிருக்க வேண்டியதில்லை. மயிலாப்பூரில் எந்த டிபன் கடையிலும் நம் சர்வர் பேப்பர், பேனா இல்லாமல், "நாலு இட்லி, ரெண்டு வடை, ஒரு வடை சாம்பார்ல, ஒரு ரவா முறுகலா, ஆனியன் வேண்டாம்" என்று பதினாலு பேருக்கு நினைவு வைத்திருப்பார். பணம் கொடுத்த அடுத்த நிமிஷம் நம் முகமே அவருக்கு ஞாபகம் இருக்காது. ரொம்ப நியாயம்.

கதை அங்கே நிற்கவில்லை. 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு பேர் இன்னொன்று கண்டுபிடித்தார்கள். முடியாத வேலை மனத்தைக் குடைவதை நிறுத்த, அந்த வேலையை முடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை; எப்போது எப்படிச் செய்வேன் என்று தெளிவாக ஒரு திட்டம் போட்டாலே குடைச்சல் நின்றுவிடுகிறதாம். இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் வாழ்க்கை வரலாற்றை யாரோ இரண்டே வரியில் எழுதிவிட்டார்கள். நான் சோம்பேறி இல்லை. திட்டம் போட்டவுடன் என் மூளை வேலை முடிந்துவிட்டதாகக் கணக்கை மூடிவிடுகிறது. ஒரு கணக்கு வைத்திருப்பவனுக்கு ஒரு தடவை குளிர்ச்சி. நான் இரண்டு இடத்தில் எழுதுகிறவன்.

மனைவியிடம் இந்த ஆராய்ச்சியை விளக்கினேன். முழுசும் கேட்டாள். மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவும்போது ஏதோ ஒன்று குறைவதுபோல் இருந்தது. சத்தம். பிளம்பரைக் கூப்பிட்டு, 150 ரூபாய் கொடுத்து, பத்து நிமிஷத்தில் மாற்றியிருக்கிறாள். நான் ஒன்றும் பேசாமல் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து, குழாய் வரியின் தலையில் ஒரு எக்ஸ் போட்டேன். என்ன ஒரு திருப்தி!

அவளுடைய முறை மட்டும் ஒசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். வாட்ஸாப்பில் தன்னந்தனியாகத் தானே ஒரே உறுப்பினராக ஒரு குழு வைத்திருக்கிறாள். பால் கணக்கு, புடவைக் கடை முகவரி, ரேஷன் கார்டு போட்டோ, பருப்பு உருண்டைக் குழம்பு வீடியோ, பையனின் தடுப்பூசித் தேதி எல்லாம் ஒரே குவியல். எதையாவது தேட வேண்டுமென்றால் சித்திரையிலிருந்து பங்குனிவரை விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். பார்த்துச் சகிக்காமல் ஒரு நாள் பிரசங்கம் செய்தேன். கம்பெனி மூடினால் அவர்கள் ஆப் போய்விடும், ஃபோன் மாற்றினால் படம் போய்விடும். வெறும் எழுத்துக் கோப்பு மட்டும்தான் நூறு வருஷம் ஆனாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்றேன்.

"அப்ப நம்ம கல்யாண லிஸ்ட்டைத் திறங்க பாக்கலாம்."

2001-ல் எங்கள் கல்யாணத்துக்கு நான்தான் கம்ப்யூட்டரில் லிஸ்ட் அடித்தேன். யார் யாருக்குப் பத்திரிகை, யார் என்ன மொய், மண்டபத்துக்கு என்ன பாக்கி, எல்லாம் தமிழில். சுத்தமான எழுத்துக் கோப்பு. திறந்தேன். பெரியப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதவீதக்குறியும், தலையில் கொம்பு வைத்த பிரெஞ்சு எழுத்துகள் நாலும், ஒரு பவுண்டு அடையாளமும் நின்றன. அந்தக் காலத்தில் தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. பத்திரிகைக்கு ஒன்று, டிடிபி கடைக்கு ஒன்று. ஒருத்தர் 'அ' வைத்த இடத்தில் இன்னொருத்தர் 'ழூ' வைத்திருப்பார். யூனிகோடு எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைப்பதற்கு முன்னால் நடந்த கல்யாணம் எங்களுடையது. என் பெரியப்பா பவுண்டு அடையாளமாகவே போய்ச் சேர்ந்தார். யார் யாருக்கு நாங்கள் திருப்பி மொய் வைக்க வேண்டும் என்பதும் அந்தக் கொம்பு எழுத்துகளுக்குள்தான் இருக்கிறது. மாமியார் வீட்டுத் தரப்பு லிஸ்ட் 80 பக்க நோட்டில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது. இப்போதும் பளிச்சென்று இருக்கிறது.

இனி வருவதுதான் என் வீழ்ச்சி.

இரண்டு கணக்கு வைத்திருப்பவனுக்கு இரட்டை உழைப்பு. காலையில் ஆபீஸ் பலகையைப் பார்த்து எனக்கு வந்த டிக்கெட்டுகளை என் கோப்பில் எழுத வேண்டும். சாயங்காலம் என் கோப்பைப் பார்த்து, அதிலிருக்கிற உண்மையை நாகரிகமாக்கி, பலகையில் போட வேண்டும். இதற்கே ஒரு மணி நேரம் போனது. இயந்திரத்தைக் கொண்டு இதைச் செய்யாமல் நான் என்ன புரோகிராமர் என்று ரோஷம் வந்தது. அரை மணி வேலைதான் என்று ஆரம்பித்து இரண்டு சனிக்கிழமைகளைச் செலவழித்து ஒரு நிரல் எழுதினேன். ராத்திரியில் அதுவாகவே ஓடும். என் கோப்பில் 'ஆபீஸ்' என்று குறியிட்ட வரிகளை மட்டும் எடுத்துப் பலகையில் டிக்கெட்டாகப் போட்டுவிடும். மற்றதைத் தொடாது.

நிரல்மொழிகள் பலவற்றில் 'இல்லை' என்பதற்கு ஆச்சரியக்குறி போடுவது வழக்கம். நான் ஓர் ஆச்சரியக்குறியை இருக்கக்கூடாத இடத்தில் வைத்துவிட்டேன். நிரல் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. ஆபீஸ் என்று குறியிட்ட வரிகளை விட்டுவிட்டு, மற்ற 47 வரிகளையும் இரவு 11:40 மணிக்கு டீம் பலகையில் ஏற்றியது. ஒவ்வொரு புது டிக்கெட்டுக்கும் டீமில் எல்லோருக்கும் மெயில் போகும் என்பது எங்கள் மென்பொருளின் விசேஷம். 47 டிக்கெட், 11 பேர். 517 மெயில்.

காலையில் ஆபீஸுக்குள் நுழைந்தபோது ரிசப்ஷனில் இருந்த செக்யூரிட்டிகூட என்னைப் பார்த்துச் சிரித்ததாகத் தோன்றியது. அது பிரமையாக இருக்கலாம். பலகையில் இருந்தது பிரமை இல்லை. 'தொப்பை.' வெறுமனே அந்த ஒரு சொல். மென்பொருள் அதற்கு உயர் முன்னுரிமை கொடுத்திருந்தது. 'மச்சினனிடம் கொடுத்த 20,000, எப்படிக் கேட்பது?' அதன் கீழே அதற்குள் ஆறு பேர் ஆலோசனை எழுதியிருந்தார்கள். ஒருத்தர் தன் மச்சினன் கதையையே எழுதியிருந்தார், என்னுடையதைவிடத் தொகை பெரிது. 'மீட்டிங்கில் புரியாதபோது தலையாட்டுவதைக் குறைக்கவும்.' இதை நாலு பேர் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அது: 'வெள்ளிக்கிழமை லீவுக்குக் காரணம் யோசி. பாட்டி ஏற்கெனவே ரெண்டு தடவை.' அதற்கு மேனேஜரின் பின்னூட்டம் ஒரே வரி. 'பாட்டிக்கு என் மூன்றாவது அனுதாபத்தை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.'

நல்ல மனுஷர். ஸ்டாண்ட்-அப்பில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. டிக்கெட்டுகளை உடனே அழித்துவிடலாம் என்று போனேன். அழிக்கும் உரிமை எனக்குக் கிடையாது, அட்மினுக்குத்தான். அட்மினிடம் கேட்க ஒரு டிக்கெட் போட வேண்டும். போட்டேன். ஒரு வாரத்தில் 46-ஐ அழித்துக் கொடுத்தார்கள். ஒன்று மட்டும் நின்றுவிட்டது: 'பரண் சுத்தம்.' அதை அதற்குள் யாரோ குறும்புக்காக நடப்பு ஸ்பிரிண்டில் சேர்த்திருந்தார்கள். ஸ்பிரிண்டுக்குள் போன டிக்கெட்டை அழிக்க முடியாது, கணக்கு உதைக்கும்.

சரி, 'முடிந்தது' பத்திக்கு இழுத்துவிட்டால் போச்சு என்று பார்த்தால், எங்கள் ஆபீசில் 'சோதனை'யைத் தாண்டாமல் எதுவும் முடியாது. 'செய்யப் போவதில்லை' என்று மூடலாம். அதற்கு மேனேஜர் சம்மதம் வேண்டும். அவர் யோசித்துவிட்டு, "மூடலாம். ஆனா பரணைச் சுத்தம் செய்ய மாட்டேன்னு எழுத்துல கொடுக்கறீங்களே, வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்றார். எனக்கு அந்தக் கோணம் தோன்றவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை திட்டக் கூட்டத்தில் வழக்கப்படி எல்லா டிக்கெட்டுக்கும் மதிப்பெண் போட வேண்டும். எவ்வளவு நேரம் ஆகும் என்று நேராகச் சொல்லக்கூடாது. எவ்வளவு கஷ்டம் என்று 1, 2, 3, 5, 8, 13 என்ற எண்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். ஃபிபொனாச்சி வரிசை. அந்த இத்தாலிக்காரர் சொல்வதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்பே, 12-ம் நூற்றாண்டில், செய்யுள் மாத்திரைகளை எண்ணிப் பார்த்துக் குஜராத்தின் ஹேமசந்திரர் இதே வரிசையைச் சொல்லிவிட்டார். பரணுக்குப் பயன்படும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். பையன்கள் எல்லோரும் 2, 3 என்று காட்டினார்கள். டீமின் ஒரே மூத்த அம்மாள், அண்ணா நகரிலிருந்து வருகிறவர், நிதானமாகக் கேட்டார்.

"கொலுப் பொம்மை பரண்லயா இருக்கு?"

"ஆமாம் மேடம்."

"அப்ப 13."

எல்லோரும் அட்டையை மாற்றிக்கொண்டார்கள்.

டெஸ்டிங் செய்கிற பெண்ணுக்கு 24 வயது. எங்கள் டீமிலேயே நான் பயப்படுகிற ஆள் அவள்தான். நான் எழுதிய பக்கத்தில் ஒரு காற்புள்ளி தள்ளி நின்றாலும் கண்டுபிடித்துவிடுவாள். "அண்ணா, எது முடிஞ்சா இது முடிஞ்சதுன்னு அர்த்தம்னு டிக்கெட்ல போடலியே?" என்றாள். போட்டேன். தரை தெரிய வேண்டும். பூச்சி இருக்கக்கூடாது. உபயோகமில்லாத பாத்திரங்கள் இறக்கப்பட வேண்டும். ஆதாரத்துக்குப் படம். பதினைந்து வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு டிக்கெட்டை நான் எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டூல் போட்டு ஏறினேன். கீழே பையன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு செல்ஃபோன் பார்த்தான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுக்களையிலிருந்து ஒரு முறைக்கு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். கொலுப் பொம்மைப் பெட்டிகள் நாலு. வாரண்ட்டி முடிந்து பல வருஷமான மிக்ஸியின் காலி அட்டைப்பெட்டி, வாரண்ட்டிக்கு வேண்டும் என்று வைத்தது. மாமியார் கொடுத்த பித்தளைக் குடம் ஒன்று, எவர்சில்வர் குடம் இரண்டு. துணி இல்லாத ஓர் ஈஸிசேர், வெறும் கட்டை. அதற்குப் பின்னால் அப்பாவின் தகரப் பெட்டி.

அப்பா போய் ஒன்பது வருஷம். பெட்டியில் மின் கட்டண அட்டைகள், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, கத்தையாக மளிகை லிஸ்டுகள். பயன்படுத்தின கவரைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதுவார். மேலே பிள்ளையார் சுழி, அடுத்தது கட்டாயம் மஞ்சள்தூள், அதற்கப்புறம்தான் துவரம்பருப்பும் புளியும். வாங்கினதைக் குறுக்கே ஒரு கோடு. வலது ஓரத்தில் மளிகைக்குச் சம்பந்தமில்லாத அன்றாட வேலைகள், சின்ன எழுத்தில். எல்.ஐ.சி., கோடு. ரேஷன் சர்க்கரை, கோடு. 'ஈஸிசேர் துணி மாற்ற.' கோடு இல்லை. அடுத்த கவரை எடுத்தேன். மஞ்சள்தூள், கோடு. ஓரத்தில், 'ஈஸிசேர் துணி மாற்ற.' அதற்கடுத்ததிலும். தேதியைப் பார்த்தால் இரண்டு வருஷம் அந்த வரி கவருக்குக் கவர் குடிபெயர்ந்திருக்கிறது. எங்கள் ஆபீசில் இதற்கு 'கேரி ஓவர்' என்று பெயர். ஸ்பிரிண்ட் முடிவில் மேனேஜர் முகம் சுளிப்பார். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்டிருப்பாள்.

ஒரு மணி நேரம் பரணில் குனிந்தபடியே உட்கார்ந்து அத்தனை கவரையும் படித்தேன். பக்கத்தில் ஈஸிசேர் கட்டை. "மேல என்னங்க பண்றீங்க, சத்தமே காணோம்?" என்று கீழிருந்து கேள்வி வந்தது. "ஆச்சு, ஆச்சு" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, கோப்பைத் திறந்து, புதுசாக ஒரு வரி எழுதினேன். முதல் முன்னுரிமை: ஈஸிசேர் துணி மாற்ற. தியாகராய நகரில் கான்வாஸ் துணி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க. அடுத்த சனிக்கிழமை, காலை 11 மணி.

அந்தப் பழைய குளிர்ச்சி நெஞ்சில் பரவியது. இனிப் பரணில் எனக்கு வேலை இல்லை என்று தோன்றியது. தகரப் பெட்டியை மூடினேன். இறக்கி வைத்த சாமான்களை மறுபடி மேலே ஏற்றி, பின்பக்கமாகத் தள்ளி, முன்பக்கம் இரண்டடி தரை தெரிகிற மாதிரி செய்து, ஈரத்துணியால் அந்த இரண்டடியைத் துடைத்து, வெளிச்சம் விழுகிற கோணமாகப் பார்த்து ஒரு படம் எடுத்தேன். டிக்கெட்டில் ஏற்றி, 'சோதனை' பத்திக்கு நகர்த்திவிட்டு, குளித்துச் சாப்பிட்டேன். பருப்பு உருண்டைக் குழம்பு.

திங்கட்கிழமை காலை 9:50-க்கு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. டெஸ்டிங் பெண் படத்தைப் பெரிதாக்கி, ஓரிடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். 'இடது மூலையில், மிக்ஸி அட்டைப்பெட்டிக்குப் பின்னால் பித்தளைக் குடத்தின் வாய் தெரிகிறது. பாத்திரங்கள் இறக்கப்படவில்லை. தரை முதல் இரண்டடிக்கு மட்டுமே தெரிகிறது. படம் எடுப்பதற்காக எல்லாம் பின்னால் தள்ளப்பட்டதாகத் தோன்றுகிறது. மறுதிறப்பு.'

டிக்கெட் தானாகவே 'நடப்பில்' பத்திக்குத் திரும்பியிருந்தது. சாயங்காலம் வீட்டில் ஃபோனைக் காட்டினேன். மனைவி சிவப்பு வட்டத்தை இரண்டு விரலால் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள். "ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்களேன். சமையல் மேடைக்கு மேல இருக்கற ஷெல்பையும் காட்டணும்."